மலையேறும் முன் கூலன்ட்டைச் சோதித்தீர்களா?

டிசம்பர் பிறந்துவிட்டால் தில்லியில் உள்ள நம்மவர் வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் எழும். ஊரிலிருந்து அம்மாவோ மாமனாரோ வந்திருப்பார்கள். குழந்தைகளுக்குப் பள்ளி விடுமுறை. "இவ்வளவு தூரம் வந்துவிட்டு, பனியை ஒரு தடவை கண்ணால் பார்க்காமல் போவதா?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். உடனே சிம்லாவா, மணாலியா, ஸ்ரீநகரா என்று வீட்டுக்குள்ளேயே பட்டிமன்றம் தொடங்கிவிடும். ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய், புளியோதரைப் பொட்டலம், ஃப்ளாஸ்க்கில் காபி எல்லாம் தயாராகும். காருக்கும் டயரில் காற்று பார்ப்போம், டாங்கை நிரப்புவோம். ஆனால் ரேடியேட்டரில் இருக்கும் திரவம் எவ்வளவு குளிரைத் தாங்கும் என்று நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்?

நானும் பார்க்கவில்லை. அதனால் எனக்கு நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இது படிக்கிறவர்களுக்காவது பயன்படட்டும்.

எங்களுக்கு நேர்ந்தது

2022-ஆம் ஆண்டு கோடையில் கோயம்புத்தூரிலிருந்து தில்லிக்கு மாற்றலாகி வந்தேன். ஏழு வருடம் ஓடிய கார். ஊரில் இருந்தபோது ரேடியேட்டர் குழாய் ஒன்றில் சிறு கசிவு இருந்தது. பழுது பார்த்தவர், "நம்மூருக்குத் தண்ணியே போதுங்க சார். கூலன்ட்டெல்லாம் வீண் செலவுங்க" என்று சொல்லி, குறைந்த அளவுக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றி அனுப்பினார். பிறகு குறையும்போதெல்லாம் நானே ஊற்றிக்கொண்டேன். உறைவதைப் பொறுத்தவரை அவர் சொன்னது தப்பில்லை. கோயம்புத்தூரில் தண்ணீர் உறையப் போவதில்லை. அதே தண்ணீரோடு வண்டியை இமயமலைக்கு ஓட்டிப் போனது என் தப்பு.

அந்த டிசம்பரில் அம்மா, மனைவி, மகளுடன் மணாலிக்குப் போனோம். அங்கிருந்து அடல் சுரங்கப் பாதை வழியாக லாஹௌல் பள்ளத்தாக்கில் உள்ள சிஸ்ஸு என்ற ஊருக்குச் சென்று ஓர் இரவு தங்கினோம். கார் வெட்டவெளியில் நின்றது. அன்று இரவு மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே போனதாக விடுதிக்காரர் காலையில் சொன்னார்.

வண்டி என்னவோ உடனே கிளம்பிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஹீட்டரைப் போட்டேன். ஐந்து நிமிடம் ஆகியும் குளிர்ந்த காற்றே வந்தது. பின் இருக்கையிலிருந்து அம்மா, "ஏம்ப்பா, அதை நிறுத்திடேன். இன்னும் குளுருது" என்றார். சில கிலோமீட்டர் போவதற்குள் வெப்பத்தைக் காட்டும் முள் ஏறத் தொடங்கி, சிவப்புக் கோட்டைத் தொட்டது. வெளியே எங்கு பார்த்தாலும் பனி. உள்ளே என்ஜின் கொதிக்கிறது! எனக்கு ஒன்றும் புரியவில்லை. சுரங்கத்தின் வடக்கு வாயிலுக்குச் சற்று முன்னால் வண்டியை ஓரம் கட்டினேன்.

இழுவை வண்டி வந்து மணாலியில் கொண்டுபோய்ச் சேர்க்க மாலையாகிவிட்டது. அங்கே ஒரு வயதான மெக்கானிக், ரப்பர் குமிழ் வைத்த ஒரு சின்னக் குழாயை எடுத்துத் திரவத்தை உறிஞ்சிப் பார்த்தார். உள்ளே நான்கைந்து வண்ணக் குண்டுகள். ஒன்றே ஒன்று அரைமனதாக மிதந்தது. "பாபுஜி, இதில் இருப்பது தண்ணீர். சாயம் மட்டும்தான் பச்சை" என்றார். ரேடியேட்டரின் பக்கத் தொட்டி விரிசல் கண்டிருந்தது. தண்ணீர் பம்ப்பும் போய்விட்டது. மூன்று நாள் மணாலியில் தங்கினோம். அம்மாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. குடும்பத்தைப் பேருந்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, வண்டி தயாரானதும் நான் தனியாகத் திரும்பினேன். ஐந்து நிமிடச் சோதனை ஒன்றை வீட்டு வாசலிலேயே செய்திருந்தால் இத்தனையும் மிச்சம்.

இது ஏதோ ஒருவருக்கு எப்போதாவது நேர்வது என்று நினைக்க வேண்டாம். முன்பெல்லாம் 3,978 மீட்டர் உயரத்தில் உள்ள ரோத்தாங் கணவாய் குளிர்காலத்தில் பனியால் மூடிவிடும். லாஹௌலின் கடுங்குளிரை அங்குள்ள மக்களும் ராணுவத்தினருமே அறிவார்கள். 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப் பாதை திறக்கப்பட்ட பிறகு, நம்மைப் போன்றவர்களின் சாதாரணக் கார்கள் நடு டிசம்பரிலும் அங்கே போகின்றன. காஷ்மீரில் சோனமார்க் போகும் வழியிலும் 2025 ஜனவரியில் ஒரு சுரங்கப் பாதை திறக்கப்பட்டது. பாதை சுலபமாகிவிட்டது. குளிர் அப்படியேதான் இருக்கிறது.

தண்ணீரின் குணம்

பெரும்பாலான பொருள்கள் குளிர்ந்தால் சுருங்கும். தண்ணீரோ உறையும்போது விரிகிறது. பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் கூடுகிறது. கண்ணாடி பாட்டிலில் தண்ணீரை நிரப்பி மூடி ஃப்ரீஸரில் வைத்து உடைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என்ஜினைச் சுற்றியுள்ள தண்ணீர்ப் பாதைகளும், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களும் அந்த பாட்டிலைப் போலத்தான். விரியும் பனிக்கு வேறு இடம் கிடைக்காவிட்டால் அது உலோகத்தையே பிளந்துவிடும். என்ஜின் பிளாக் விரிசல் கண்டால் பெரும்பாலும் என்ஜினையே மாற்ற வேண்டியதுதான்.

என் வண்டியில் நடந்தது அதற்கு ஒரு படி முந்தியது. திரவம் முழுக் கட்டியாகாமல் கூழாகிவிட்டது. என்ஜின் ஓடத் தொடங்கியதும் அதைச் சுற்றியுள்ள திரவம் சூடாகிறது. ஆனால் அந்தச் சூட்டை வெளியே கொண்டுபோய் ஆற்ற வேண்டிய ரேடியேட்டர் பனிக்கூழால் அடைத்துக் கிடக்கிறது. ஓட்டம் இல்லை. ஆகவேதான் பனிக்கு நடுவே என்ஜின் கொதித்தது. ஹீட்டரும் இதே திரவத்தின் சூட்டை வாங்கித்தான் நமக்கு வெதுவெதுப்பான காற்றைத் தருகிறது. குளிர்ந்த காற்றே வந்தது முதல் எச்சரிக்கை. எனக்கு அப்போது அது தெரியவில்லை.

உறைதடுப்பான் என்ன செய்கிறது?

அந்த நாளில் கையால் சுற்றி ஐஸ்கிரீம் செய்யும் மரவாளியில் பனிக்கட்டியோடு கல்லுப்பைப் போடுவார்கள். உப்பு கலந்தால் தண்ணீரின் உறைநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும் என்பதுதான் அதன் சூட்சுமம். தண்ணீரின் மூலக்கூறுகள் வரிசை கட்டி நின்றால்தான் பனிக்கட்டி உருவாகும். வேறு பொருள் ஒன்று நடுவில் புகுந்துவிட்டால் அந்த வரிசை சுலபத்தில் அமையாது. ஆனால் உப்பு உலோகத்தை அரித்துவிடும். எனவே காரில் அதற்குப் பதிலாக எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தைச் சேர்க்கிறார்கள். கூலன்ட்டின் உறைதடுப்பான் இதுதான்.

தண்ணீரும் கிளைக்காலும் சரிபாதியாக இருந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. 40 சதவீதம் கிளைக்கால் என்றால் மைனஸ் 23-ஐ ஒட்டியும், 30 சதவீதம் என்றால் மைனஸ் 14-ஐ ஒட்டியும், 20 சதவீதம் என்றால் மைனஸ் 8-ஐ ஒட்டியும் உறையத் தொடங்கும்.

அப்படியானால் கிளைக்காலை மட்டுமே ஊற்றிவிட்டால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். அதுதான் இல்லை. தனிக் கிளைக்கால் சுமார் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும்! தண்ணீரும் அதுவும் சேர்ந்திருக்கும்போதுதான் ஒன்றை ஒன்று உறையவிடாமல் தடுக்கின்றன. அதோடு, சூட்டைச் சுமந்து செல்வதில் தண்ணீரைவிடக் கிளைக்கால் மட்டம். ஆகவே 60 சதவீதத்துக்கு மேல் போவதில் லாபம் இல்லை.

தமிழ்நாட்டில் உள்ள உறவினர்கள், "எங்களுக்கு எதற்குக் கூலன்ட்?" என்று கேட்டால் அவர்களுக்கும் பதில் உண்டு. உதகையில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி படிவதை அறிவோம். சமவெளியிலும் கூலன்ட்டுக்கு வேறு இரண்டு வேலைகள் இருக்கின்றன. சரிபாதிக் கலவை சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் அழுத்தம் அதை இன்னும் உயர்த்துகிறது. இரண்டாவது, அதில் சேர்த்திருக்கும் மருந்துகள் அலுமினியமும் இரும்பும் அரிக்காமல் காக்கின்றன. வெறும் போர்வெல் தண்ணீரை ஊற்றினால், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிகிற அதே வெள்ளை உப்பு ரேடியேட்டருக்குள்ளும் படியும்.

பாலில் தண்ணீர் கலந்த கதை

நாம் ஏமாறும் இடம் இங்கேதான். பாலில் தண்ணீர் கலந்தாலும் பால் வெள்ளையாகத்தானே இருக்கும்? கூலன்ட்டும் அப்படியே. தண்ணீர் சேரச் சேர நிறம் சற்று வெளுக்கலாம். பச்சை பச்சையாகவும் சிவப்பு சிவப்பாகவும்தான் தெரியும். அளவும் கோட்டுக்குச் சரியாக நிற்கும். பார்ப்பவருக்குக் குறையொன்றும் தெரியாது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியில் 4 லிட்டர் சரிபாதிக் கலவை இருக்கிறது. அதில் 1 லிட்டர் கசிந்து, அதற்குப் பதில் 1 லிட்டர் வெறும் தண்ணீர் ஊற்றினால் கிளைக்கால் 37.5 சதவீதமாகக் குறைகிறது. பாதுகாப்பு மைனஸ் 37-இலிருந்து மைனஸ் 21 வரை வந்துவிடும். இரண்டாவது லிட்டருக்குப் பின் 28 சதவீதம். சுமார் மைனஸ் 13. மூன்றாவதற்குப் பின் 21 சதவீதம்; மைனஸ் 8-ஐ ஒட்டி. நான்காவது லிட்டருக்குப் பின் வெறும் 16 சதவீதம், மைனஸ் 6. நான் இரண்டு கோடைகளில் ஊற்றிய தண்ணீர் இதைவிட அதிகமாகவே இருக்கும்.

இப்போது குளிரைப் பாருங்கள். 2021 ஜனவரி 1 அன்று தில்லி சஃப்தர்ஜங்கில் 1.1 டிகிரி பதிவானது. தில்லிக்கு அது கடுங்குளிர். ஆனாலும் பூஜ்யத்துக்கு மேல். ஆகவே தில்லியில் நம் அசட்டை வெளிப்படாது. ஸ்ரீநகரிலோ டிசம்பர் 21 முதல் 40 நாள்களைச் சில்லாய் கலான் என்கிறார்கள். ஆண்டின் கடுங்குளிர்க் காலம் அது. 2024-இல் அது தொடங்கும் வேளையிலேயே இரவு வெப்பநிலை மைனஸ் 8.5 டிகிரிக்கு இறங்கியது. லே நகரில் ஜனவரி இரவுகள் மைனஸ் 15-ஐ ஒட்டிப் போவது சாதாரணம். தில்லியில் ஐந்து வருடம் தொந்தரவு கொடுக்காத கலவை, மலையில் ஒரே இரவில் காலை வாரிவிடும்.

சோதிப்பதற்கு முன்

முதல் விதி: சூடான என்ஜினில் ரேடியேட்டர் மூடியையோ தொட்டி மூடியையோ திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிதிரவம் முகத்தில் பீறிடும். இரவு முழுவதும் நின்று ஆறிய வண்டியில், காலையில் கிளப்பும் முன் சோதிப்பதே நல்லது. அப்போதும் மூடியை ஒரு துணியால் மூடி மெதுவாகத் திருப்புங்கள்.

இரண்டாவது: அளவைப் பாருங்கள். பிளாஸ்டிக் தொட்டியில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் திரவம் நிற்க வேண்டும். அடிக்கடி குறைகிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது. அதைச் சரி செய்யாமல் மேலே மேலே ஊற்றுவது ஓட்டைப் பானைக்குத் தண்ணீர் இறைப்பது போல.

மூன்றாவது: மாதிரியை எங்கிருந்து எடுப்பது என்பது முக்கியம். சில வண்டிகளில் ரேடியேட்டருக்குத் தனி மூடி இருக்கும். பக்கத்துத் தொட்டி வெறும் சேமிப்புத்தான். அதில் நேற்று ஊற்றிய தண்ணீர் அப்படியே நிற்கலாம். அப்படிப்பட்ட வண்டியில் ரேடியேட்டரிலிருந்தே எடுங்கள். ரேடியேட்டருக்கு மூடியே இல்லாத வண்டிகளில் அழுத்த மூடியுள்ள தொட்டியிலிருந்து எடுக்கலாம். அண்மையில் எதையாவது ஊற்றியிருந்தால், முதல் நாள் ஹீட்டரைப் போட்டு அரைமணி நேரம் ஓட்டுங்கள். திரவம் ஒன்றாகக் கலந்துவிடும். பிறகு ஆறவிட்டுச் சோதியுங்கள்.

மிதவைக் கருவி

பாலின் தரம் பார்க்கும் லாக்டோமீட்டரைப் பலர் பார்த்திருப்பீர்கள். கூலன்ட் ஹைட்ரோமீட்டர் அதன் உடன்பிறப்பு. கிளைக்கால் தண்ணீரைவிடக் கனமானது. ஆகவே கலவையில் கிளைக்கால் கூடக்கூட அடர்த்தி கூடும். உள்ளே இருக்கும் குண்டுகளோ முள்ளோ மேலே எழும். தில்லியில் காஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைகளில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். விலை அதிகமில்லை.

ரப்பர் குமிழை அழுத்தி, குழாயின் நுனியைத் திரவத்தில் முக்கி, மெதுவாக விடுங்கள். குறித்த கோடு வரை திரவம் ஏற வேண்டும். குண்டுகளில் காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் தப்பாகக் காட்டும். விரலால் இரண்டு தட்டுத் தட்டி அகற்றுங்கள். கருவியை நேராகப் பிடித்து, எத்தனை குண்டு மிதக்கிறது அல்லது முள் எந்த எண்ணைக் காட்டுகிறது என்று பாருங்கள். எத்தனை குண்டுக்கு எத்தனை டிகிரி என்பது அந்தக் கருவியிலேயே போட்டிருக்கும். பார்த்த பிறகு திரவத்தைத் திரும்ப விட்டு, கருவியை நல்ல தண்ணீரில் அலசி வையுங்கள்.

இதில் ஒரு குறை உண்டு. திரவம் சூடாக இருந்தால் அடர்த்தி குறைந்து, உள்ள பாதுகாப்பைவிடக் குறைவாகக் காட்டும். மிகவும் குளிர்ந்திருந்தால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். இந்த இரண்டாவதுதான் ஆபத்து. ஆகவே கடுங்குளிர் காலையில் சோதிப்பவர்கள், எடுத்த மாதிரியை ஒரு பழைய பாட்டிலில் சிறிது நேரம் வைத்து, அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகு பார்ப்பது நல்லது.

ஒளியைக் கொண்டு அளக்கும் கருவி

இன்னும் துல்லியமானது ரிஃப்ராக்டோமீட்டர். டம்ளர் தண்ணீரில் போட்ட ஸ்பூன் வளைந்தது போலத் தெரிகிறதல்லவா? ஒளி திரவத்துக்குள் நுழையும்போது வளைவதால் வரும் தோற்றம் அது. கிளைக்கால் அதிகமானால் இந்த வளைவும் அதிகமாகும். கருவி அதை அளந்து உறைநிலையாகக் காட்டுகிறது.

முதலில் கண்ணாடிப் பரப்பைத் துடைத்து, ஒரு சொட்டு டிஸ்டில்டு வாட்டர் விட்டு, மூடியைச் சாய்த்து, வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு பூஜ்யத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் திருகாணியைத் திருப்பிச் சரி செய்யுங்கள். பிறகு துடைத்துவிட்டு, கூலன்ட் இரண்டு சொட்டு விடுங்கள். கோடு இப்போது எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் உங்கள் கூலன்ட் தாங்கும் குளிர். பெரும்பாலான கருவிகளில் வெப்பநிலையால் வரும் வித்தியாசத்தை ஓரளவு தானே சரிக்கட்டும் வசதி உண்டு.

உள்ளே இரண்டு மூன்று அளவுகோல்கள் தெரியலாம். எத்திலீன் கிளைக்காலுக்கு ஒன்று, புரொப்பிலீன் கிளைக்காலுக்கு ஒன்று, பாட்டரி ஆசிடுக்கு ஒன்று. உங்கள் கூலன்ட் எந்த வகை என்று பாட்டிலில் பார்த்து அதற்குரியதைப் படியுங்கள். புரொப்பிலீன் வகை கூலன்ட்டுக்கு மிதவைக் கருவி சரியான விடை தராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சிலர் ஒரு கிண்ணத்தில் கூலன்ட்டை எடுத்து வீட்டு ஃப்ரீஸரில் வைத்துப் பார்ப்பதாகச் சொல்கிறார்கள். சாப்பாடு வைக்கும் இடத்தில் அந்தக் காரியம் வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

எவ்வளவு காட்ட வேண்டும்?

போகும் இடத்தில் எதிர்பார்க்கும் மிகக் குறைந்த இரவு வெப்பநிலைக்கு இன்னும் 10 டிகிரியாவது கீழே இருக்கட்டும். மணாலிக்கோ சிம்லாவுக்கோ மட்டும் என்றால் மைனஸ் 20 போதும். லாஹௌல், காஷ்மீர், லடாக் என்றால் மைனஸ் 35-ஐ ஒட்டி இருப்பதே நிம்மதி. கருவி காட்டும் எண், பனித்துகள் உருவாகத் தொடங்கும் இடம். அதுவரை போய்ப் பார்க்க வேண்டாம்.

குளிர்காற்று பற்றியும் ஒரு சந்தேகம் எழும். காற்று வீசினால் நமக்குக் குளிர் அதிகமாகத் தெரிகிறது. நிற்கும் வண்டி காற்றால் சீக்கிரம் ஆறும். ஆனால் சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலைக்குக் கீழே காற்று அதைக் கொண்டுபோய்விடாது. ஆகவே வானிலை அறிக்கையில் வெப்பநிலையைப் பார்த்தால் போதும்.

குறைந்திருந்தால்

கூலன்ட் இரண்டு விதமாக விற்கிறது. ஒன்று, தண்ணீர் கலந்து ஊற்ற வேண்டிய கான்சென்ட்ரேட். மற்றது அப்படியே ஊற்றும் ரெடிமிக்ஸ். பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் என்ற கணக்கில் கலந்தால் கிளைக்கால் 25 சதவீதம்தான். மைனஸ் 10, 11-க்கு மேல் தாங்காது. சென்னைக்கு அது போதும், சிஸ்ஸுவுக்குப் போதாது. ரெடிமிக்ஸ் எல்லாமே சரிபாதிக் கலவை என்றும் நம்பிவிட வேண்டாம். எத்தனை டிகிரி வரை என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் கலப்பதானால் டிஸ்டில்டு வாட்டரே நல்லது.

கலவை சற்றுத்தான் நீர்த்திருந்தால், கொஞ்சம் வெளியேற்றிவிட்டு அதே அளவு கான்சென்ட்ரேட் ஊற்றலாம். 5 லிட்டர் கொள்ளும் வண்டியில் 30 சதவீதம் இருக்கிறது, 50 ஆக்க வேண்டும் என்றால் சுமார் 1.4 லிட்டர் மாற்ற வேண்டும். ஊற்றியபின் ஓட்டிக் கலந்து, ஆறவைத்து மறுபடி சோதியுங்கள். ரொம்பவும் நீர்த்துப்போயிருந்தாலோ, பழுப்பேறிக் கசடு தெரிந்தாலோ, எப்போது மாற்றியது என்றே நினைவில்லை என்றாலோ முழுவதையும் மாற்றிவிடுவதே மேல். ஏனென்றால் இந்தக் கருவிகள் உறைநிலையை மட்டும் சொல்லும். அரிப்பைத் தடுக்கும் மருந்து தீர்ந்துவிட்டதா என்று சொல்லாது. அது காலத்தால் தேய்வது. எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், எந்த வகை ஊற்ற வேண்டும் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். நிறத்தைப் பார்த்து வகையைத் தீர்மானிக்க வேண்டாம். ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டப்படி சாயம் சேர்க்கிறது. மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் தாங்களே இதில் கை வைக்காமல் சர்வீஸ் நிலையத்திலேயே பார்க்கச் சொல்லுங்கள்.

வழியில் என்னைப் போல மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? ஹீட்டரில் சூடு வராமல் முள் மட்டும் ஏறினால் உடனே என்ஜினை நிறுத்துங்கள். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டினால் ரேடியேட்டரோடு போகிற செலவு என்ஜின் வரை போய்விடும். வெந்நீர் ஊற்றி இளக்கவும் முயல வேண்டாம். சூடும் குளிரும் மோதி விரிசல் விடும். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஒரு எச்சரிக்கை

எத்திலீன் கிளைக்கால் விஷம். அதன் கொடுமை என்னவென்றால் அது இனிக்கும். நிறமோ சர்பத் போல இருக்கும். குழந்தையோ தெருநாயோ சிறிதளவு குடித்தாலும் சிறுநீரகம் கெட்டு உயிருக்கே ஆபத்தாகும். குடித்தவுடன் பெரிதாக ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். குடித்திருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கூலன்ட் பாட்டிலையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். இதற்கு மாற்று மருந்து உண்டு. சீக்கிரம் கொடுத்தால்தான் பயன். மீதிக் கூலன்ட்டை ஒருபோதும் குடிதண்ணீர் அல்லது குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தரையில் சிந்தியதை உடனே தண்ணீர் விட்டுத் துடையுங்கள். வடித்தெடுத்த பழையதைச் சாக்கடையில் கொட்டாமல் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் தீபாவளி முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். கருவியை என் மகள்தான் பிடித்து எண்ணைப் படிப்பாள். சென்ற முறை, "மைனஸ் 36 அப்பா" என்றாள். உள்ளேயிருந்து அம்மா, "இந்தத் தடவை ஹீட்டர் வேலை செய்யுமில்ல?" என்று கேட்டார். செய்தது.

நம் அடுக்ககத்தில் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு கருவி வாங்கி வைத்துக்கொண்டால் போதும். ஆளுக்கு ஐந்து நிமிடம். மலைக்குப் புறப்படும் முன் வாசலிலேயே பார்த்துவிட்டுப் போங்கள். பனியைப் பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பி வாருங்கள்.